சிம்மக்கல்லில் பதிந்த இங்கிலீஷ் ரெக்கார்டு

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு எல்.பி. ரெக்கார்டை சிம்மக்கல்லுக்குக் கொண்டுபோய், கேசட்டில் பதிந்துகொண்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். தெருவுக்குத் தெரு நடிகர்களுக்கு மன்றம் இருந்த ஊரில் எங்களுக்கும் ஒரு மன்றம் இருந்தது. இங்கிலாந்துக்காரர்களின் புதுமையான ராக் இசைக்கு! ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும். வாயைத் திறந்து பாடவே எட்டு நிமிஷம் ஆகும். சில பாட்டில் கடைசிவரை பாட மாட்டார்கள். கதவைத் திறந்து மூடுவார்கள், தகரத்தை உருட்டுவார்கள். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்போம்.

நடிகர் மன்றங்களை நாங்கள் மதிப்பதில்லை. ஆனால் எங்களிடமும் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் உண்டு. மொத்தம் ஐந்து பேர். பதவி இல்லாத ஒரே ஆள் நான்.

அதுவும் தற்காலிகம். "மூணு மாசம் பாப்போம் சிஸ்டர். காது பழகுச்சுன்னா நிரந்தரம் பண்ணிருவோம்" என்று தலைவர் சந்தானம் சொல்லியிருந்தார். அவர் பேங்க் கிளார்க். வேறு எப்படிச் சொல்வார்?

எனக்கு அந்த மன்றம் வேண்டியிருந்தது. வீட்டில் யாரோடும் பேச முடியாத ஒன்றைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெற்கு மாசி வீதியில் ஒரு மாடி அறையில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். வாரத்தின் மற்ற ஆறு நாளை நான் அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

இந்த ரெக்கார்டைக் கொண்டுவந்தவர், சந்தானத்தின் மச்சான். அவருக்குக் கப்பலில் வேலை. சாயங்கால ரயிலில் அவர் மெட்ராஸ் போகிறார். ரெக்கார்டும் கூடப் போகிறது. அதைக் கேட்க எங்கள் ஐந்து பேரிடமும் பிளேயர் கிடையாது. அது வேறு விஷயம்.

"இத மட்டும் நல்லபடியா பதிஞ்சு கொண்டாந்துட்டீங்கன்னா, மூணு மாசமெல்லாம் வேணாம். அன்னைக்கே நிரந்தரம்" என்றார் சந்தானம்.

சிம்மக்கல்லில் பாண்டி அண்ணனின் ரெக்கார்டிங் கடை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பாப்பா, ஒரு மூஞ்சியக் காணோம்? வாளி படம் போட்டிருக்கான்?"

"முகம் முக்கியமில்லண்ணே. இசைதான் முக்கியம்."

"ஓ, மூஞ்சி சுமாரா இருப்பாய்ங்க போல."

அப்புறம்தான் சொன்னார், பிளேயரிலிருந்து டேப்புக்குப் போகும் ஒயரை எலி கடித்துவிட்டது என்று.

"நீ கவலப்படாத. ஸ்பீக்கருக்கு முன்னாடி டேப்ப வச்சுப் பதிஞ்சிருவோம். ஒரு பொட்டு வித்தியாசம் தெரியாது."

சொல்லிவிட்டு மேலே பார்த்தார். ஃபேனை நிறுத்தினார்.

"ஃபேன் சத்தம் விழுந்துரும்ல? தொழில்ல சுத்தம் வேணும்."

எனக்கு அவர்மேல் மரியாதை பொங்கியது. என்ன பொறுப்பு!

ஃபேன் நின்றதும் அறை வெந்தது. சித்திரை மாத மதுரை. "காத்து வரட்டும்" என்று தெருப் பக்கக் கதவு இரண்டையும் அகலத் திறந்துவைத்தார். டவுன் பஸ்ஸும் மூட்டை வண்டியும் போகும் தெரு! நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவருக்கோ, பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம் சத்தமே இல்லை.

"நீ வெளிய நில்லு பாப்பா. மூச்சுச் சத்தம் விழுந்துரும்."

மூச்சை அடக்கியபடியே வெளியே வந்தேன். வாசலில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி. கையால் சுற்றும் இரும்புச் சக்கரம், அதில் கோத்த சலங்கைகள். நிழலுக்கு அங்கே ஒதுங்கினேன். ஒரு டம்ளர் குடித்தேன். ரெக்கார்டு நீளம். இன்னொன்றும் குடித்தேன்.

முக்கால் மணி நேரத்தில் கேசட் கைக்கு வந்தது. "சுத்தமா விழுந்திருக்கு" என்றார் பாண்டி அண்ணன். ரெக்கார்டு ரயில் ஏறியது.

ஞாயிறு மத்தியானம் மாடி அறையில் கேசட்டைப் போட்டோம். கிட்டார் எங்கோ ஆழத்தில் முனகியது. திடீரென்று அதற்கு மேலே,

ஜல்... ஜல்... ஜல்... கரகரகர...

செயலாளர் மனோகரன் எழுந்தே நின்றுவிட்டார். கணக்கு வாத்தியார். விரலை மடக்கி எண்ணினார். "ஏழு! இல்ல... ஏழரை! ஏழரையில தாளம் போடுறான்யா!"

"கீழ கரகரன்னு ஒண்ணு போகுதே, கவனிச்சீங்களா? மனுசன் மெசினுக்குள்ள சிக்கி நொறுங்குறான்" என்றார் சந்தானம், குரல் தழுதழுக்க.

நான் மட்டும் லேசா? என் கண் கலங்கிவிட்டது. நோட்டில், 'துயரத்தைக் கடைசிச் சொட்டுவரை பிழிகிறார்கள்' என்று எழுதினேன். இப்போதும் நல்ல வரி என்றுதான் நினைக்கிறேன்.

சந்தானம் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், இனிமே நீங்க நிரந்தரம்."

அந்த நொடியில், கிட்டாருக்கும் சலங்கைக்கும் நடுவே, தூரத்தில் ஒரு பெண் குரல்.

"அண்ணே, இஞ்சி கொஞ்சம் கூட வைங்க."

என் குரல்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் காலம் முழுக்க அந்த அறையில் உட்காரலாம். ஆனால் வாரா வாரம் இவர்கள் என் இஞ்சியை ஆராய்வார்கள், நானும் தலையாட்ட வேண்டும். அதற்கு மனம் வரவில்லை.

"சார், அது நான்."

"எது?"

"அந்தப் பொம்பளக் குரல். அந்த ஜல் ஜல் தாளமே இல்ல சார், கரும்பு ஜூஸ் மெசினு. ரெக்கார்டிங் கடை வாசல்ல..."

நாலு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"மொதல்ல கேக்குறப்ப அப்படித்தான் தோணும் சிஸ்டர்" என்றார் மனோகரன், மெதுவாக. "தெரிஞ்ச சத்தத்தோட காது முடிச்சுப் போட்டுரும்."

"தமிழ்ல இஞ்சி கேக்குது சார்!"

"மொழியெல்லாம் கடந்த இசை இது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாங்க சார், நேர்லயே காட்டுறேன்." சந்தானத்தை சைக்கிளில் வரச்சொல்லி, நான் டவுன் பஸ்ஸில் சிம்மக்கல் போனேன்.

"அண்ணே, கொஞ்சம் சுத்துங்க. இவர் கேக்கணுமாம்" என்றேன் ஜூஸ் அண்ணனிடம்.

"எல்லாரும் குடிக்கத்தான் வருவாக. கேக்க வாரது இவுகதான்" என்று சொல்லிக்கொண்டே கரும்பைச் செருகிச் சுற்றினார்.

ஜல்... ஜல்... கரகரகர. அச்சு அசல்! வெற்றியோடு சந்தானத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, ஒரு டம்ளர் நிறையும்வரை கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"தாளம் அதேதான். ஒத்துக்கிறேன்."

அப்பாடா!

"ஆனா உயிர் இல்ல சிஸ்டர். அந்த இங்கிலீஷ்காரன் கையில ஒரு வேதனை இருந்துச்சு. இவரு அத அப்படியே காப்பி அடிக்கிறாரு."

ஜூஸ் அண்ணன் சக்கரத்தை நிறுத்தினார். "யாருண்ணே அது இங்கிலீஷ்காரன்? எங்க வண்டி போட்டிருக்கான்? வெளக்குத்தூண் பக்கமா?"

"இங்கிலாந்துல."

"அம்புட்டுத் தூரமா! அப்ப போடட்டும், போடட்டும்" என்று மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

மறு ஞாயிறு மாடி ஏறிப் போனேன். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. என் நாற்காலியை ஓரமாக மடக்கி வைத்திருந்தார்கள். மனோகரன் உறுப்பினர் நோட்டை என் முன்னால் நகர்த்தினார்.

என் பெயரை அடித்திருந்தார்கள். பக்கத்திலேயே காரணமும் எழுதியிருந்தது: 'இசைக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.'