சாயம் போன நத்தார் தாத்தா

வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் முதல் ஒரு வருடத்துக்கு எதையும் திருத்தப் போகக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. (பொய். அம்மா சொன்னார். நான்தான் கேட்கவில்லை.)

நான் ஸ்கந்தபுரத்தில் வயலும் கோவிலுமாக வளர்ந்தவள். கல்யாணம் செய்து வந்ததோ நாயாற்றில் ஒரு கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்துக்கு. மாமி என்னோடு மிகவும் மரியாதையாகக் கதைப்பார். அதுதான் பிரச்சினை. அது விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை. சமையல் நடக்கிற குசினிக்குள் எட்டிப் பார்த்தாலே, "நீங்கள் போய் இருங்கோ பிள்ளை" என்று அனுப்பிவிடுவார். வருகிற நத்தாரோடு, அதுதான் கிறிஸ்மஸோடு, எப்படியாவது இந்த வீட்டுக்காரியாகிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

என் கையில் இருந்தது மூன்று நாள் சுற்றாடல் பயிற்சியில் வாங்கிய ஒரு சான்றிதழ். பிளாஸ்டிக் மரம் வேண்டாம், காற்றில் முறிந்த சவுக்கங்கொப்பு போதும் என்றேன். பரிசுகளுக்குப் பொலித்தீன் பை வேண்டாம், பனையோலைப் பெட்டி என்றேன். மினுக்குத் தாள் கடலில் சேர்ந்தால் ஆமை தின்று சாகும் என்று, ஆமையோடு ஒரே கடலில் அறுபது வருடம் சீவித்த மாமாவுக்குப் பாடம் எடுத்தேன். எல்லாவற்றுக்கும் மாமி "ஓம் பிள்ளை" என்றார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்.

மாமாதான் ஊரின் நத்தார் தாத்தா. கரோல் பாடுகிறவர்களோடு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏறி வீடு வீடாகப் போவார். பதினைந்து வருடமாக ஒரே பொலியெஸ்டர் உடுப்பு, ஒரே நைலோன் தாடி. அந்த உடுப்பை நான் ஒருவரையும் கேட்காமல் வெட்டி, குசினி துடைக்கிற துணியாக்கினேன். (மீள்பாவனையாம்.) பிறகு வெள்ளைப் பருத்தியில் புது உடுப்புத் தைத்து, ஆறு கிலோ பீற்றூட்டை அவித்து அதில் ஊறப்போட்டேன். தாடிக்கு இலவம் பஞ்சு, ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை.

"சாயம் போகாதோ பிள்ளை?" என்று மாமி கேட்டார்.

"உப்புப் போட்டு அவிச்சனான் மாமி. போகாது."

சான்றிதழ்க்காரி சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? ஆக, வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற மார்கழி மாதத்தில், பீற்றூட் சாறு தோய்ந்த ஒரு மனிதரைக் கூரையில்லாத பெட்டியில் ஏற்றிவிட்டேன்.

மூன்றாவது வீட்டில் மழை பிடித்தது. முதலில் தாடி கட்டி கட்டியாக நெஞ்சில் இறங்கியது. பசை உதட்டை ஒட்டிக்கொண்டதால் மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ம்ம், ம்ம்" என்றுதான் வந்தது. அடுத்து உடுப்பு ஒழுகத் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் தாத்தாவுக்கென்று நல்ல கதிரை போட்டு, அதன்மேல் வெள்ளைத் துவாய் விரித்து வைத்திருந்தார்கள். மாமா இருந்து, கேக் சாப்பிட்டு எழும்புவார். துவாயில் ரோஸ் நிறத்தில் இரண்டு வட்டம், அச்சுப் பிசகாமல் இருக்கும். பாட்டுத் தெரியாமல் பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்ற நான், பதினேழு வீட்டிலும் அந்த முத்திரையைத் தரிசித்தேன்.

ஒரு வீட்டில் சின்னப் பெண்ணொருத்தி தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, தாத்தா கரையிறார்."

வீடு திரும்பியபோது உடுப்பு இளம் ரோஸ், மாமா கடும் ரோஸ். சவர்க்காரம், தேசிக்காய், மண்ணெண்ணெய் எதற்கும் அவர் வெளுக்கவில்லை. மறுநாள் நத்தார்ப் பூசையில் அவர்தான் வாசகம் வாசிக்க வேண்டும். வாசித்தார், வெள்ளைச் சேர்ட்டுக்கு மேலே இரண்டு ரோஸ் காதுகளோடு. சுவாமியார் கடைசிவரை நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலி பாய்ந்து ஸ்கந்தபுரத்துக்கு ஓடிவிடலாமா என்று எனக்கு இருந்தது.

பூசை முடிந்து வந்ததும் குசினி வாசலில் நின்று, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி" என்று அழுதேன். மாமி பழைய தாத்தா உடுப்பின் ஒரு துண்டால் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு வருசமா ஒரே உடுப்பைப் போட்ட மனிசன். அதைவிட என்ன சுற்றாடல் வேணுமடி உனக்கு?" என்றார். சொல்லி முடிக்கமுன் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்து வெங்காயத்தை உரி" என்றார். அவ்வளவு சந்தோசமாக நான் வெங்காயம் உரித்ததே இல்லை.

வேறு உடுப்பு இல்லாததால் மறுவருடமும் மாமா அதையே போட்டார். இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார். போன வருடம் பள்ளிக்கூடத்தில் என் மகள் நத்தார் தாத்தாவுக்கு ரோஸ் நிறம் அடித்திருக்கிறாள். ஊருக்குப் புதிதாக வந்த ரீச்சர் அதைப் பிழை போட்டுவிட்டார். பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். மாமி சேலையை மாற்றிக்கொண்டு, பேத்தியைக் கையில் பிடித்தபடி பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார்.

"ரீச்சர், பிள்ளை சரியாத்தான் கீறியிருக்கு. தாத்தா ரோஸ்தான். வருசா வருசம் நான்தானே தோய்க்கிறனான்."