பேத்திக்கு நிறம் வந்த கதை

ஆயர் ஈத்தாம், பினாங்கு
2.11.1993

அன்பு மகள் பத்மாவதிக்கு அப்பா குலசேகரம் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். கம்ப்யூட்டர் மட்டும் சில நாள் படுத்துக் கிடந்து இப்போதுதான் தேறியிருக்கிறது. பெர்த்தில் நீயும் மருமகனும் பேத்தியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கத் தண்ணீர்மலை முருகனிடம் தினமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மருமகன் பேத்தியின் படத்தை டிஸ்கெட்டில் ஏற்றி அனுப்பினாரே, அன்றிலிருந்து நான் பட்ட பாட்டைக் கேள். வக்கீல் ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை, பென்ஷனில் பொழுது போகட்டும் என்று நான் தூக்கி வந்தது உனக்குத் தெரியும். அதில் டிஸ்கெட்டைப் போட்டால் பிள்ளை தலை முதல் கால் வரை பச்சையாக வருகிறது. இது யார் சாயல், என்ன நிறம், ஒன்றும் தெரியாமல் நான் தவிக்கிறேன், உன் அம்மாவோ பிள்ளை நல்ல மாநிறம் என்கிறாள். பச்சைத் திரையில் மாநிறத்தை எங்கே கண்டாய் கனகேஸ்வரி என்று சத்தம் போட்டேன். காதோரம் ஒரு தூசி வேறு. கைக்குட்டையால் எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அது மச்சம், விடுங்க என்றாள். பாவம், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, பெட்டிதான் பழசு என்று கலர் மானிட்டர் வாங்கி வந்தேன். அதன் வால் கம்ப்யூட்டரின் பின்புற ஓட்டையில் நுழையமாட்டேன் என்று அடம் பிடித்தது. வாலை ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, கொம்தார் பக்கம் கடை வைத்திருக்கும் நாகூர் மீரானிடம் போனேன். திரை தானாக எதையும் காட்டாதாம். உள்ளே ஒரு கார்டு இருக்கிறதாம். கம்ப்யூட்டர் வெறும் எண்ணாக வைத்திருப்பதை அதுதான் படமாக்கித் திரைக்குச் சொல்லுமாம். என் பழைய கார்டுக்கு வெளிச்சம் தெரியும், இருட்டு தெரியும், அவ்வளவுதான். பச்சை அந்தப் பழைய திரைக் கண்ணாடியின் நிறம். அட, இது நம்ம உத்தியோகம் அல்லவா! கோர்ட்டில் சாட்சி தமிழில் அழுவான், நீதிபதிக்கு நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நடுவில் நிற்கிறவனுக்குச் சொல் போதாவிட்டால் சாட்சி என்ன அழுது என்ன? ஓய்வு பெற்ற பிறகு என் வாய் யாருக்கும் தேவைப்படவில்லை, அம்மா. கலர் தெரிந்த, அந்த வாலும் நுழைகிற புதுக் கார்டு ஒன்றை மீரானிடம் கையில் வாங்கியபோது கூட வேலை பார்த்த ஆளைச் சந்தித்த மாதிரி இருந்தது.

மறுநாள் ஆயுத பூசை. வெறுமனே முன்னால் பகட்டாக நிற்கிற திரைக்குப் பொட்டு வைத்துவிட்டு, உள்ளே உழைக்கிறவனை விட்டால் நியாயமா? கார்டின் ஓரத்தில் தங்கப் பல் வரிசை மாதிரி ஒன்று இருந்தது, அழகாக இருந்ததே என்று ஒவ்வொரு பல்லுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்துப் பொருத்தினால், கம்ப்யூட்டர் நீளமாக ஒரு தரம் கூவி, குட்டையாக இரண்டு தரம் கூவி, இருட்டாகிவிட்டது. அப்படியே மடியில் வைத்துப் பஸ்ஸில் மீரானிடம் கொண்டு போனேன். கார்டை உருவி மோந்து பார்த்தார்.

“அங்கிள், இதுக்குச் சாமி கும்புட்டது சரிலா. ஆனா கரண்டு ஓடுற எடத்துல ஏன் பூசுனீங்க?”

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துப் பல்லை விளக்கிக் கொடுத்தார். வீட்டில் போட்டதும் படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. சுருட்டை முடி, என் நெற்றி, உன் கண், காதோரம் மச்சம். மாநிறம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சோறு ஆறுது, வாங்க என்றாள். கல் நெஞ்சுக்காரி.

மருமகனுக்கு என் ஆசி. பேத்தியின் அந்த மச்சத்தில் தாத்தா பேரைச் சொல்லி ஒரு முத்தம் வை.

உன் அன்பு அப்பா,
குலசேகரம்

பி.கு.: கடிதத்தைப் படித்துப் பார்த்த உன் அம்மா, அலமாரியில் சேலைக்கு அடியிலிருந்து பேத்தியின் கலர்ப் படம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். அச்சடித்த படம். டிஸ்கெட்டோடு அதே உறையில் வந்ததாம்! ஏன் மறைத்தாய் என்றேன்.

“பென்ஷன் ஆனதுலேர்ந்து சன்னல்கிட்டயே உக்காந்திருந்தீங்க. இந்த டிஸ்கெட் வந்துதான் சட்டைய மாட்டிக்கிட்டு பஸ் ஏறுனீங்க. அத நான் ஏன் கெடுக்கணும்?”

மேலே கல் நெஞ்சுக்காரி என்று எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். மருமகனிடம் சொல், அடுத்த தடவை இந்தக் கார்டுக்கு அடங்காத படமாகப் பார்த்து அனுப்பட்டும்.