அத்தானின் தலை, என் உடம்பு

புங்குடுதீவு,
ஆடி மாதம்

பெருமதிப்புக்குரிய அத்தான் பிரதாபன் அவர்கட்கு, மைத்துனன் ஜெயரூபன் எழுதுவது. கண்ணகை அம்மன் கிருபையாலும் நீங்கள் அனுப்பிய விற்றமின் குளிசைகளாலும் இங்கு எல்லோரும் நலம். ரொறொன்ரோவில் உங்களுக்கும் வெயில் கிடைத்திருக்கும் என நம்புகிறோம்.

இத்துடன் வருவது உங்கள் மகள் அக்சராவின் படம். நீங்கள் வெளிக்கிட்டபோது அக்கா நாலு மாசம். நீங்கள் ஊருக்கு வந்துபோக வேண்டிய விசாக் காகிதம் இன்னும் சரிவரவில்லை, பிள்ளைக்கு இரண்டரை வயதாகிவிட்டது. அவளுக்கு அப்பா என்றால் ஃபோன். மணியடித்தால் "அப்பா" என்று அதைக் கட்டிப்பிடிக்கிறாள், சார்ஜ் இறங்கினால் "அப்பா நித்திரை" என்கிறாள். நீங்கள் அவளைத் தூக்கி எறிந்து விளையாடுவதுபோல ஒரு படம் செய்து சுவரில் மாட்டினால் முகம் பழகும் என்று அக்கா முடிவெடுத்தா.

படமெடுக்க வேலணை ஷாருஜன் வந்தான். "அண்ணை, பிள்ளை சிறகோட வானத்தில, அப்பா கையை விரிச்சுக்கொண்டு கடலுக்க. இதுதான் கொன்செப்ற்" என்றான். "அப்பா கனடாவில எல்லோ?" என்றேன். "உடம்பை நீங்கள் தாங்கோ, தலையை அவர் தரட்டும்" என்றான். உடம்பை இரவல் கேட்ட ஆளை அன்றைக்குத்தான் கண்டேன்.

சாட்டிக் கடற்கரையில் அன்று சோளகக் காற்று உருவேறி நின்றது. பிள்ளையைப் பிடித்தால் இடுப்புச் சாரம் போகிறது, சாரத்தைப் பிடித்தால் பிள்ளை போகிறது, "சிரிக்க வையுங்கோ அண்ணை" என்று அவன் கத்த, நான் எறிந்து எறிந்து ஏந்த, பிள்ளைக்குக் கட்டின சிறகில் ஒன்று காற்றில் பறந்து போய் அங்கே மேய்ந்த ஆட்டின் வாயில் விழ, ஆடு அதைச் சப்பிக்கொண்டே வந்து படத்துக்குள் நிற்க, அதைக் கண்டு பிள்ளை சிரித்த சிரிப்பை எழுத எனக்கு ஏலாது. தோள்மூட்டுக்கு இன்னும் எண்ணெய் பூசுகிறேன்.

பிறகு அவன் கம்பியூட்டரில் செய்ததைக் கேளுங்கள். ஆட்டைத் துடைத்தான், ஆடு நின்ற இடத்தில் கடல் வந்தது, அலையோடு. ஆடு தின்ற சிறகு திரும்ப முளைத்தது. இருபது வருசமாக நான் வளர்த்த வண்டி வயிற்றை இரண்டு தட்டில் கரைத்தான். என் தலையை எடுத்தபோது கழுத்தைத் தடவிப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில், நீங்கள் அனுப்பிய படத்திலிருந்து பனித்தொப்பியோடு உங்கள் தலை வந்து குந்தியது. தொப்பியைக் கழற்றிவிட்டு, "இவருக்குத் தலைமயிர் இருக்கோ அக்கா?" என்றான். "போகேக்க இருந்தது" என்றா அக்கா. உடனே முளைத்தது. முகத்தில் எங்கள் ஊர் வெயிலையும் பூசினான். அக்கா திரையைத் தொட்டு, "வந்திட்டார்" என்றா. நானும் அழுதுபோட்டேன். பிரம்மாவுக்கே பத்து மாசம் வேணும் அத்தான். இவன் தேத்தண்ணி ஆறமுதல் செய்து முடித்தான்.

இனி உங்கள் மகளுக்கு அப்பா ஆரென்ற சந்தேகம் இல்லை. கவலையை விட்டு நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அம்மாவும் அயலட்டைகளும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். அம்மன் துணை.

இப்படிக்கு,
உடம்பு தந்த மைத்துனன்,
ஜெயரூபன்

பி.கு.: பார்சலை ஒட்டமுதல், வீட்டுக்கென்று எடுத்த மற்றப் பிரதியைச் சுவரில் மாட்டி அக்சராவைக் கூப்பிட்டோம். "இது ஆர்?" என்று அக்கா கேட்டா. உங்கள் முகத்தை வடிவாகப் பார்த்தாள். பிறகு படத்தில் அவளை ஏந்த விரித்த கையைத் தடவி, "மாமா" என்றாள். மூன்று தரம் கேட்டோம், மூன்று தரமும் மாமாதான். அக்கா குசினிக்குள் போய்விட்டா. இனிப் பிள்ளையைத் தூக்குவதில்லை என்று முடிவெடுத்து ஐந்து நிமிசம் இருந்து பார்த்தேன். காலடியில் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாள், ஏலாமற் போச்சு. இதுக்கு மேல ஷாருஜனாலையும் ஏலாது. அந்த விசாக் காகிதத்தை இன்னொருக்கா விசாரியுங்கோ, அத்தான்.