டச்பேடோடு மல்லுக்கட்டிய மத்தியானம்

இந்த வருஷம் எங்கள் ஊர் பௌல்ஸ் கிளப்புக்கு நான்தான் தலைவர் என்று முடிவு செய்துவிட்டேன். பதினாறு வருஷமாகப் புல்தரையில் குனிந்து குனிந்து பந்து உருட்டுகிறேன். முதுகு வளைந்ததுதான் மிச்சம். ஒரு பயல் மதிப்பதில்லை. போட்டிக்கு ஆளே இல்லை. சனிக்கிழமை நாலு மணிக்குள் கிளப்பின் இணையப் பக்கத்தில் வேட்புமனுவை அனுப்பினால் போதும். மனைவி டாரீனும் அதே கிளப்பில் உறுப்பினர்தான். அவளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை பயிற்சி ஆட்டம் முடிந்து வந்த கையோடு, மூன்று மணிக்கு லேப்டாப்பைத் திறந்து கிளப் பக்கத்துக்குள் என் பெயரில் நுழைந்தேன். அம்புக்குறி நகரவில்லை. அழுத்தித் தேய்த்தேன். ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து திரையின் மூலையில் ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்ததே கோபம்!

"நகர்ந்து தொலைடா!"

"யாரைத் திட்டுறே மெர்வ்?" சமையலறையில் ஸ்கோன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த டாரீன் கேட்டாள்.

"இந்த டச்பேடைத்தான்! நான் கிழக்கே தேய்ச்சா அது மேற்கே போகுது!"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீயும் அப்படித்தானே?"

பல்லைக் கடித்துக்கொண்டு, விசைகளைத் தட்டித் தட்டி அமைப்புகளுக்குள் புகுந்தேன். வேகத்தைக் கூட்டினேன், அம்பு ஈ மாதிரிப் பறந்தது. குறைத்தேன், உண்ணாவிரதம் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தை மேலே தள்ளினால் கீழே போகும்படி வேறு எதையோ மாற்றித் தொலைத்தேன். மணி மூன்றே முக்கால். மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

டாரீன் வந்து நின்றாள். "அப்படி என்ன அவசரம்?"

"ஒண்ணுமில்லே. வானிலை பாக்கணும்."

"ஜன்னலைத் திறந்தா தெரியுது."

"நாளைக்கு வானிலை!"

"கத்தாதே. விரலைக் காட்டு."

காட்டினேன்.

"பந்து வழுக்காம இருக்கப் பூசுற மெழுகு அப்படியே அப்பியிருக்கு. அதே கையோட இதைப் போட்டுத் தேய்ச்சிருக்கே. அது என்ன பண்ணும், பாவம்? போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா."

"மெழுகுக்கே படுத்துக்கற மாதிரி ஒரு டச்பேடை எவன்டா செஞ்சான்?" என்று உறுமிக்கொண்டே குளியலறைக்குப் போனேன். மெழுகு லேசில் போகுமா? ஐந்து நிமிஷம் தேய்த்தேன்.

திரும்பி வந்தபோது, ஈரத்துணியால் டச்பேடைத் துடைத்துவிட்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் பழையபடி மாத்திட்டேன். சரியாச்சான்னு அந்தப் பச்சைப் பொத்தானைத் தட்டிப் பாரு."

தொட்டதுதான் தெரியும், பொத்தான் அமுங்கியது.

"'உறுதியா?'ன்னு கேக்குது பாரு. அதையும் தட்டு."

தட்டினேன். படித்துப் பார்க்க யாருக்கு நேரம்? கோபமெல்லாம் இறங்கி, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"டாரீன், நீ இல்லேன்னா நான் என்ன ஆவேன்!"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

நாலு அடிக்க மூன்று நிமிஷம். வேட்புமனுவைத் திறந்து, பெயரை அடித்து அனுப்பினேன். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'டாரீன் பிரிட்சர்ட் தலைவராவதைத் தாங்கள் சற்றுமுன் வழிமொழிந்துள்ளீர்கள். வழிமொழிந்தவர் அதே பதவிக்குப் போட்டியிட முடியாது.'

"டாரீன்!" வீடே அதிரக் கத்தினேன்.

"கத்தாம வந்து இந்தப் பாத்திரத்தைத் தேய், மெர்வ். தலைவருக்கு அஞ்சு மணிக்குக் கூட்டம் இருக்கு."