ஒன்று விழுந்தால் இன்னொன்று

அணைத்து வைத்த சர்வர் தானாகவே எழுந்து விளக்கைச் சிமிட்டியதும் சிஸ்டம்காரருக்குக் கை கால் ஓடவில்லை. அறையில் அவரைத் தவிர ஆள் இல்லை. அவர் பொத்தானைத் தொடவும் இல்லை.

அந்தக் கண் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு குளுகுளு அறையில், இரண்டு சர்வர்கள் இருந்தன. நோயாளிகளுக்கு டோக்கன் போடும் மெஷின் அவற்றில் ஒன்றுக்குள் குடியிருந்தது. தனி உடம்பு கிடையாது, சர்வருக்குள்ளேயே ஒரு பொய் மெஷின். தொழில்காரர்கள் அதை விஎம் என்பார்கள். இருக்கிற வீடு இடிந்தால் சட்டி பானையோடு அடுத்த வீட்டுக்கு அது தானாகக் குடிபோய்விட வேண்டும். அதற்கான ஏற்பாட்டைச் செய்து சரிபார்ப்பதுதான் இன்றைய வேலை. வெளியூர் போயிருந்த மேனேஜர் மாலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஏற்பாடு சரியாக இருந்தால் சிஸ்டம்காரருக்கு வேலை நிரந்தரம்.

வீட்டில் அது ஏற்கெனவே நிரந்தரமாகிவிட்டது. மனைவி காலையிலேயே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்திருந்தாள். சர்வர் வேலை என்றதும் எந்த ஓட்டலில் என்று கேட்டவர் மாமியார். அவரே நேற்று மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று விசாரித்திருந்தார்.

சோதனை நன்றாகத்தான் தொடங்கியது. முதல் சர்வரை அணைத்தார். டோக்கன் மெஷின் அலுங்காமல் குலுங்காமல் இரண்டாவதற்குப் போய்ச் சேர்ந்தது. தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளக் கையைத் தூக்கிய நேரத்தில்தான் முதல் சர்வர் எழுந்தது. டோக்கன் மெஷினும் மூட்டை கட்டிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

மறுபடி அனுப்பினார். மறுபடி வந்தது. இன்னொரு முறை அனுப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தார். கண்ணெதிரிலேயே வந்தது.

யாரோ வெளியாள் உள்ளே புகுந்துவிட்டான் என்று அவருக்குப் பட்டது. பாஸ்வேர்டை மாற்றினார். இனி எவனாலும் வாலாட்ட முடியாது என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் திரை அவரையே வெளியே தள்ளியிருந்தது. புதுப் பாஸ்வேர்டு, பழைய பாஸ்வேர்டு எதைப் போட்டாலும் அனுமதி இல்லை என்றது. சொந்த வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டும் கதியாகிவிட்டது அவருக்கு.

ஆத்திரத்தில் முதல் சர்வரை இரண்டாவதோடு இணைத்த கேபிளைப் பிடுங்கிப் போட்டார்.

அது இன்னும் பெரிய வினையாயிற்று. இந்த சர்வர்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் மற்றது விழுந்துவிட்டது என்று முடிவு கட்டி, அதன் வேலையையும் எடுத்துப் போட்டுக்கொள்ளும். கேபிள் போனதும் இரண்டாவது சர்வர் தன் பங்குக்கு ஒரு டோக்கன் மெஷினை எழுப்பியது. முதலாவதில் இருந்ததும் சாகவில்லை. அதிலிருந்த பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு கவுன்ட்டர் ஓட, புதியதை வைத்துக்கொண்டு மற்றொரு கவுன்ட்டர் ஓடியது.

இன்டர்காம் அடித்தது. பேசியது வரவேற்பு மேஜைப் பெண்.

"சார், ஒரே நம்பர ரெண்டு ரெண்டு பேருக்குக் குடுக்குது. டாக்டர் முன்னாடி ஒரு நாற்காலியில ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க."

"ஒருத்தர எழுந்திருக்கச் சொல்லும்மா."

"ரெண்டு பேர் கண்ணுலயும் மருந்து விட்டாச்சு சார். யாரு எழுந்திருக்கறதுன்னு அவங்களுக்கே தெரியல."

சிஸ்டம்காரர் இரண்டு சர்வர்களின் மின்சாரக் கேபிள்களையும் பிடுங்கினார். இனி யாரும் யாருக்கும் எந்த நம்பரும் கொடுக்க முடியாது என்பது மட்டும் நிச்சயமாயிற்று. கேபிள்கள் இரண்டையும் கையில் பிடித்தபடியே படியேறி மேலே ஓடினார்.

கூடத்தில் சந்தை இரைச்சல். கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாமல் அவரிடமே டாக்டரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் டாக்டராகவே இருந்தார். வரவேற்பு மேஜைப் பெண் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள்.

வேலை போய்விட்டது என்று சிஸ்டம்காரருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மாமியாரின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"போலீஸக் கூப்பிடும்மா," என்றார். "எவனோ நம்ம மெஷின வெளியிலேர்ந்து ஆட்டி வெக்கறான். நான் எது செஞ்சாலும் அடுத்த நிமிஷமே மாத்திடறான்."

அந்தப் பெண் காகிதம் கிழிப்பதை நிறுத்தவே இல்லை.

"மாடியில இருக்கற அம்மாவும் இப்பத்தான் இதையே சொல்லி போலீஸக் கூப்பிடச் சொன்னாங்க சார், காலைல மேனேஜர் உங்களக் கூப்பிட்டுப் பாத்தாராம், கீழ சிக்னல் இல்லாம பதிலே வரலையாம், சரி நீங்க விழுந்துட்டீங்கன்னு, உங்களுக்கு மாத்து ஆளா எடுத்து வெச்சிருந்த அவங்கள இதே வேலைய மாடியிலேர்ந்தே ஆரம்பிக்கச் சொல்லிட்டாராம்."