வூல்கா கிராமத்துப் பங்களாவும் என் முழங்காலும்

எனக்குத் தெரியாத விஷயத்தைப் பற்றித்தான் நான் அதிகமாகப் பேசுவேன். பிறவிக் குணம், மாறாது. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள், போலந்து நாட்டில் ஒரு சின்னக் கிராமத்தின் பூகோளத்தையும் சரித்திரத்தையும் சபையில் எடுத்துச் சொல்லப் போய் மானம் போன கதை இது. என் பிள்ளைகள் இதற்குக் கையும் காலும் வைத்து ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன். (பேனாவை விட, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியை அதிக வருஷம் பிடித்த கை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

என் கடைசி மகள் கவிதா பினாங்கில் இஞ்சினியர். கூட வேலை செய்யும் மாரெக் என்ற போலந்துக்காரப் பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு ஆட்சேபணை இல்லை. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்து, கையால் பிசைந்து மூன்று தரம் ரசம் வாங்கிச் சாப்பிடும் பையன் எனக்கு வெள்ளைக்காரனாகவே தோன்றவில்லை.

ஆனால் அவனுடைய அப்பாவும் அம்மாவும் பரிசம் போட ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும் விசாரணையில் இறங்கினேன். ஊர் உறவு விசாரிக்காமல் நாங்கள் சம்பந்தம் செய்வதில்லை. பக்கத்து வீட்டு சரோஜா டீச்சரிடம் போனேன். பணி ஓய்வு பெற்றும் பாடம் நடத்தும் ஆசை போகாதவர்.

"டீச்சர், மாப்பிள்ள ஊரு ஸ்தாரா வூல்காவாம். போன்ல பார்த்துச் சொல்லுங்கலா."

நான்கு சாயங்காலம் பாடம் நடந்தது. மலையே இல்லாத தட்டை பூமி. வடக்கே பைன் காடு, தெற்கே ஒரு சின்ன ஆறு. மணல் மண், உருளைக்கிழங்கும் கம்பு மாதிரி ஒரு தானியமும் விளையும். விளக்குக் கம்பத்தின் மேல் நாரை கூடு கட்டும். அந்த நாடே நூறு வருஷத்துக்கு மேல் உலகப் படத்தில் இல்லாமல் போய், பிறகு திரும்பி வந்ததாம். (சிலிம் ரிவர் பக்கம் நான் பிறந்த தோட்டமும்தான் படத்தில் இல்லை. தேடினால் எண்ணெய் எடுக்கும் செம்பனை மட்டும் தெரிகிறது. இன்னும் திரும்பி வரவில்லை.)

கடைசி நாள் டீச்சர் ஒரு படம் காட்டினார். இருபுறமும் மரங்கள் நிற்கும் பாதை, அதன் முடிவில் நான்கு வெள்ளைத் தூண்கள் வைத்த பங்களா.

"அந்த ஊர்ல பெரிய வீடு இதுதானாம், அக்கா."

எனக்குப் போதும். என் ஆயுசில் பங்களாவில் குடியிருக்காத வெள்ளைக்காரனை நான் பார்த்ததே இல்லை. சின்ன வயதில், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் ஜீப் வந்தால் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார், நாங்களும் நிற்போம். ஆக, சம்பந்தி வீடு இதுதான். மறுநாளே எங்கள் தாமானில், குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பங்களாக்காரர், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவள் மகளை எடுப்பாரா? வாசலில் பூச்செடி வைத்திருந்த, மரத்துப் பால் பிடிக்கும் பழைய மங்குகளையும், சுவரில் மாட்டியிருந்த கத்தியையும் டீச்சர் வீட்டுக்குக் கடத்தினேன்.

"தோட்டம்னு வாயைத் தொறந்தே, கொன்னுடுவேன். ஒங்கப்பா ஆபீஸ் கிராணியா கணக்கெழுதினார்னு சொல்லு," என்றேன் கவிதாவிடம்.

"ம்மா, அப்பா பால் வெட்டினது மாரெக்குக்குத் தெரியும்லா!"

"பையனுக்குத் தெரியலாம். அவன் அப்பனுக்குத் தெரியக்கூடாது."

அவர்கள் வந்தார்கள். சம்பந்தி ஆறடி, சிவந்த முகம், நரைத்த மீசை. சாட்சாத் துரை. மாலை போட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தேன். அதுவரை சரி. "உட்காருங்க" என்று கையைக் காட்டிவிட்டு நான் நின்றேன். அவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்து, உட்காரச் சொல்லிக் கை காட்டினார். நான் இன்னும் விறைப்பாக நின்றேன். பொம்பளை நிற்கும்போது ஆம்பளை உட்காரக்கூடாது என்பது அவர்கள் ஊர் மரியாதையாம். துரை முன்னால் உட்காரக்கூடாது என்பது என் முழங்காலின் மரியாதை. நாங்கள் இரண்டு பேரும் நிற்க, வீடே நின்றது. இட்டலி ஆறியது. என் முட்டி வலி மண்டைக்கு ஏறியது.

"ம்மா, உக்காரும்மா!" கவிதா பல்லைக் கடித்தாள்.

உட்காரவில்லை. அதற்குப் பதிலாகப் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். நான் தமிழில் சொல்ல, கவிதா இங்கிலீஷில் சொல்ல, மாரெக் அவன் பாஷையில் சொன்னான். காடு, ஆறு, மணல், நாரை எல்லாம் ஒழுங்காகப் போயின. சம்பந்தி ஆச்சரியத்தில் தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்தில் எனக்குத் தலை கனத்தது.

"தூண் வச்ச ஒங்க பங்களாவ விட்டுட்டு இந்த ஏழை வீட்டுக்கு வந்திருக்கீங்களே, தொர!"

கவிதா மொழிபெயர்க்கத் தயங்கினாள். மாரெக் தயங்கவில்லை, தமிழ் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது பாவிக்கு. சம்பந்தியின் சிவப்பு முகம் இன்னும் சிவந்தது. சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். முடிந்தது, என் வாயே மகள் கல்யாணத்தைத் தின்றுவிட்டது என்று நினைத்தேன். கவிதாவின் கண்ணில் தண்ணீர்.

சம்பந்தி மெதுவாகப் பேசினார். கவிதா அதைச் சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது.

"ம்மா, அந்த பங்களா பண்ணையாரோடதாம். இவரோட பாட்டி அங்க மாடு கறந்தவங்களாம். பின்னாடி நீளமா ஒரு வீடு, ஒரே கூரைக்குக் கீழ நாலு குடும்பம். அங்கதான் இவர் பொறந்தாராம். பண்ணையாரோட வண்டி வந்தா, இவர் அப்பா சின்னப் புள்ளயில தொப்பியக் கழட்டிட்டு ரோட்டோரம் நிப்பாராம். உலகச் சண்டைக்கப்புறம் அது அரசாங்கப் பண்ணையாச்சாம், இவர் டிராக்டர் ஓட்டினாராம். அப்புறம் அதையும் மூடிட்டாங்களாம்."

"அடப்பாவி, லயம்!" என்றேன். என் கால்கள் என்னைக் கேட்காமலே மடங்கின. பொத்தென்று உட்கார்ந்தேன்.

அந்த நாற்காலியில் அதிரசத் தட்டு இருந்தது.

நான் உட்கார்ந்த மறு விநாடி சம்பந்தி "அப்பாடா" என்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தார். அவருக்கும் முட்டி வலியாம்! எழுந்து பார்த்தால் பட்டுப்புடவையில் அச்சு அச்சாக நான்கு அதிரசம் ஒட்டியிருந்தது. முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். பிறகு யாரும் அடங்கவில்லை.

"டீச்சர்! மங்குகளையும் கத்தியையும் கொண்டாங்கலா!" என்று வேலிக்கு மேல் கத்தினேன். சம்பந்தி அந்தக் கத்தியைப் பதமாகத் தடவிப் பார்த்தார். உழைத்த கைக்குத்தான் அப்படித் தடவத் தெரியும். அவருக்கு மரத்தில் பால் வெட்டும் சாய்வைக் கதவு நிலையில் கோடு போட்டுக் காட்டினேன். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. பரிசம் அன்றே முடிந்தது, மீதமிருந்த அதிரசத்தோடு.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது உட்காராமல் நின்றால், "உக்காரு, தொர போயிட்டாரு" என்கிறார்கள். மாரெக்கும் சொல்கிறான், என்னைப் பார்த்தே.

அந்தத் தூண் வைத்த பங்களா இப்போது ஊர் நூல்நிலையமாம். அடுத்த வைகாசிக்குக் கவிதா எனக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள். சம்பந்தியும் நானும் பேசி வைத்துவிட்டோம். நேராக அந்த பங்களாவுக்குப் போய், முன்படியில், காலை நீட்டி, இரண்டு பேரும் உட்காரப் போகிறோம்.

படியில் யாரும் பலகாரம் வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.