சாதகம் ஏழு, பாதகம் ஏழு

பாத்ரூம் கதவு திறக்கவில்லை.

நவநீதன் உள்ளேயிருந்து தள்ளினார். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு ஓர் அங்குலம் நகர்ந்தது. வெளியே தடதடவென்று ஏதோ சரிந்தது. அந்த ஓர் அங்குலமும் மூடிக்கொண்டது.

“சுபா! கதவுக்கு முன்னால என்ன கிடக்கு?”

“உங்க சரித்திர நாவல்தான். அஞ்சு பாகமும் கிடக்கு,” என்றாள் சுபஸ்ரீ வெளியிலிருந்து. “இப்ப நீங்க தள்ளினதுல மேல இருந்த துப்பறியும் கதையும் விழுந்துடுச்சு. இன்னும் தள்ளினீங்கன்னா பரண்ல இருக்கறதும் வந்துடும்.”

ஸ்ரீரங்கத்தில் இரண்டு படுக்கையறை உள்ள ஃபிளாட் அது. ஒன்றில் நவநீதனும் சுபஸ்ரீயும் மகள் யாழினியும் படுத்தார்கள். இன்னொன்றில் புத்தகங்கள் படுத்தன. அங்கே இடம் போதாமல் கட்டிலுக்கடியில், வாஷிங் மெஷின் தலையில், பாத்ரூம் போகும் வழியில் என்று அவை வெளிநடப்புச் செய்து வெகுநாளாகிறது.

கல்லூரிக்குப் போகும் யாழினி பத்து நிமிடம் குனிந்து நிமிர்ந்து வழி உண்டாக்கினாள். நவநீதன் ஈரத் தலையோடு வெளியே வந்ததும் சொன்னாள்.

“அப்பா, பேசாம ஒரு இ-ரீடர் வாங்குங்க. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ரெண்டாயிரம் புஸ்தகம் அதுக்குள்ள அடங்கிடும்.”

நவநீதன் மனைவியைப் பார்த்தார். “இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல உங்க புஸ்தகம் இருக்கணும்” என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறவள். இந்த யோசனையைக் கேட்டுக் குதிப்பாள் என்று நினைத்தார்.

“அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்றாள் சுபஸ்ரீ. அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நவநீதன் எதையும் யோசிக்காமல் செய்கிறவர் அல்ல. குக்கர் வாங்கவே ஒரு வருஷம் யோசித்தவர். பழைய டைரி ஒன்றை எடுத்து நடுவில் கோடு போட்டார். இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம்.

சாதகம் மளமளவென்று வந்தது. இடம் மிச்சம். தூசி இல்லை, தும்மல் இல்லை. எழுத்தைப் பெரிசு பண்ணிக்கொள்ளலாம். இரவல் கொடுக்க முடியாது என்பதையும் சாதகத்தில்தான் சேர்த்தார். மச்சினர் ரெங்கராஜை நினைத்துச் சேர்த்தது அது. வீட்டில் தேடிக் கிடைக்காத புத்தகம் எதுவானாலும் ரெங்கராஜ்தான் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது நவநீதனின் முடிவு. கேட்டால், “அத்தான், நான் ரேஷன் கார்டைத் தவிர வேற எதையும் படிச்சதில்ல” என்று சாதிப்பார். அந்தப் பேச்சில் தகராறு வந்து, இருவருக்கும் பேச்சு நின்றே மூன்று வருஷமாகிறது.

பாதகமும் சளைக்கவில்லை. வாசனை இல்லை. கொசு அடிக்க உதவாது. ஆடுகிற கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்க முடியாது. சரஸ்வதி பூஜைக்கு சாமி முன்னால் ஒரே ஒரு சிலேட்டை வைத்து அதற்குப் பொட்டு வைத்தால் பூஜை மாதிரியா இருக்கும்? இப்படி ஆறு. ஏழாவதை எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.

ஏழாவது பாதகம், அந்த மனிதர்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நவநீதன் பாலக்கரைக்குப் போவார். அங்கே அடைக்கலம் என்பவர் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறார். எதை எடுத்தாலும் இருபது ரூபாய். நவநீதன் பத்து எடுப்பார். நாலு வருஷமாக இப்படி மாதம் பத்து வாங்கியும் புது அலமாரி ஒன்று தேவைப்படவில்லை. அது தன் அடுக்கும் திறமை என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்தப் புத்தகங்களை ஒரே ஆள்தான் விற்கிறார் என்பதை நவநீதன் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றிலும் பெயர் எழுதும் முதல் பக்கம் கிழிக்கப்பட்டிருக்கும். பாவம், விற்பதற்கு வெட்கப்படுகிறார்போலும். ஓரத்தில் பென்சிலால் சின்னக் கோடு இருக்கும். அதுதான் ஆச்சரியம். “அடடா, என்ன வரி!” என்று நவநீதன் பென்சிலைத் தேடும்போது, அங்கே ஏற்கெனவே கோடு இருக்கும். சில புத்தகங்களுக்குள் ஒன்றாம் நம்பர் பஸ் டிக்கெட்டும் இருக்கும். அப்படியானால் அவர் ஸ்ரீரங்கத்துக்காரர்! நவநீதன் தினம் போகும் பஸ்ஸிலேயே போகிறவர்!

“யாருப்பா இதைக் கொண்டாந்து போடறது?” என்று பலமுறை கேட்டுவிட்டார்.

“யாரோ ஒருத்தங்க சார். நாம பேரெல்லாம் கேக்கறதில்ல,” என்பார் அடைக்கலம், கூரையைப் பார்த்துக்கொண்டு.

நவநீதன் பஸ்ஸில் முகம் முகமாகப் பார்த்தார். கண்ணாடி போட்டு, கொஞ்சம் சிந்தனையாக இருந்த மூன்று பேரிடம் கேட்டேவிட்டார். அதில் ஒருவர் பயந்துபோய் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டார்.

வீட்டில் வேறு யாரும் படிப்பதில்லை. ஆபீஸ் உரக் கம்பெனி. அங்கே யூரியாவைப் பற்றித்தான் பேச முடியும். தன்னைப்போலவே ரசிக்கிற ஒருவர் இதே ஊரில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்பது நவநீதனுக்குப் பெரிய ஆறுதல். இ-ரீடர் வாங்கிவிட்டால் அந்தச் சிநேகம் போய்விடும்.

ஆக, சாதகம் ஏழு, பாதகம் ஏழு.

“பழகிப் பாக்காம லிஸ்ட் போட்டா எப்படி சார் சரியா வரும்?” என்றார் ஆபீசில் பக்கத்து மேஜை ஜூட். “என்னோடதை ஒரு வாரம் வச்சுப் பாருங்க. எது வேணுமோ அதுலயே வாங்கிப் படிங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க.”

அடுத்த திங்கள்கிழமை காலை. நவநீதன் பஸ் ஸ்டாப்பில் நின்று அதைத் திறந்தார். இரண்டு பக்கம் தள்ளுவதற்குள், ஸ்டாப்பில் கொய்யா விற்கும் பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“லிஸ்ட்டா சார்? எம்பேரு வந்திருக்கா பாருங்க.”

“எந்த லிஸ்ட்டும்மா?”

“அதான், பொம்பளைங்களுக்கு மாசா மாசம் பணம் போடறாங்கள்ல. மனு குடுத்து எட்டு மாசமாச்சு.”

“இது கதைப் புஸ்தகம்மா.”

“யாருகிட்ட சார்? போன தடவை கணக்கெடுக்க வந்த தம்பியும் இதே மெஷினைத்தான் வச்சிருந்துச்சு. இதே மாதிரிதான் விரலால தள்ளுச்சு.”

நவநீதன் திரையைத் திருப்பிக் காட்டினார். “வரிசையா இருக்கே, அப்புறம் என்ன?” என்றாள் பவுனம்மாள். பஸ் வேறு வந்துவிட்டது. தப்பித்தால் போதுமென்று டைரியை எடுத்துப் பாதகப் பக்கத்தின் அடியில் அவள் பெயரை எழுதிக்கொண்டு ஏறினார்.

அதுதான் தப்பு. செவ்வாயன்று ஐந்து பேர் நின்றார்கள். “இவங்களையும் எழுதிக்குங்க சார், எல்லாம் நம்ம ஆளுங்க,” என்றாள் பவுனம்மாள். புதனன்று பதினாறு பேர், கையில் ஆதார் ஜெராக்ஸோடு. வீரம்மாள் என்பவள் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஒரு சீப்பு பூவன் பழமும் கொண்டுவந்திருந்தாள்.

“லஞ்சமெல்லாம் வேணாம்மா!” என்று பதறினார் நவநீதன்.

“பாத்தியா, நேர்மையான ஆபீசர்,” என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். வியாழனன்று கூட்டம் இரண்டு மடங்கானது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, நாற்பத்திரண்டு ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். பவுனம்மாளும் கூட வந்தாள்.

“நீங்க எந்த டிபார்ட்மென்ட் சார்?” என்றார் அங்கிருந்த கிளார்க்.

“உரம்,” என்றார் நவநீதன்.

“அக்ரியா? சொல்லக் கூடாதா சார்?” என்று கிளார்க் எழுந்து நின்று, கட்டு முழுவதையும் வாங்கி, ரசீதும் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை நவநீதன் டைரியில் எழுதினார்: ‘காகிதத்தைக் குறைக்கும் என்றார்கள். ஐந்தே நாளில் நாற்பத்திரண்டு தாள் வந்து சேர்ந்தது.’

அதோடு முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு, ஜூட் சொன்னபடி அதில் ஒரு நாவல் வாங்கிப் பார்க்கலாம் என்று தொட்டார். ‘இந்தப் புத்தகத்தை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்’ என்றது அது. ஜூட் எப்போதோ வாங்கியிருக்கிறார்.

நவநீதனுக்குச் சுரீரென்றது.

“வாங்கினா என்ன? மறுபடி வாங்கக் கூடாதா? மனுஷன் ஆசையா ஒரு புஸ்தகத்தை எடுக்கறப்ப, ‘உன்கிட்டதான் இருக்கே’ன்னு மூஞ்சில அடிக்கிறதா? நாலு வருஷத்துல அடைக்கலம் ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருப்பானா?”

சுபஸ்ரீ கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“ஏங்க, எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்குமா அது? எந்தெந்தப் புஸ்தகம் நம்மகிட்ட இருக்குன்னு?”

“ஒண்ணு விடாம.”

“அப்ப அது நம்ம வீட்டுக்கு ஆகாதுங்க,” என்றாள் சுபஸ்ரீ.

அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் சனிக்கிழமை காலை வாஷிங் மெஷின் ஓடிய அதிர்வில் அதன் தலையிலிருந்த தமிழ்ப் பேரகராதி நகர்ந்து நகர்ந்து வந்து, சுபஸ்ரீயின் இடது காலில் இறங்கியது. சுண்டுவிரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் நவநீதனுக்குத் தாங்கவில்லை. இருபத்தாறு வருஷம் இவள் புத்தகத்துக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்திருக்கிறாள். நான் சாதகம் பாதகம் என்று கோடு கிழித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. டைரியை எடுத்தார். ‘சாதகம் எட்டு: சுபஸ்ரீயின் கால்’ என்று எழுதினார். இதற்கு எதிராக அந்தப் பக்கம் நூறு எழுதினாலும் நிற்காது.

“முடிவு பண்ணிட்டேன். மெஷின் வாங்கறோம். வீட்டுல இருக்கற புஸ்தகத்தையெல்லாம் நாளைக்கே குடுத்துடறேன்.”

“ஐயையோ, வேணாங்க!” சுபஸ்ரீ ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டாள். “சுண்டுவிரல்தானே? அதால என்ன ஆகப்போகுது? புஸ்தகம் இருந்தாதாங்க வீட்டுக்கு அழகு!”

நவநீதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வலியிலும் என் ஆசையைத்தானே நினைக்கிறாள்! இப்பேர்ப்பட்டவளுக்காக எதையும் விடலாம் என்று அவர் உறுதி இன்னும் இறுகிப்போனது.

ஆனால் எடைக்குப் போட மனம் வரவில்லை. படிக்கத் தெரிந்த ஒரு கைக்குத்தான் போக வேண்டும். அப்படி ஒரு கை இந்த ஊரில் ஒன்றுதான் உண்டு.

ஞாயிறு காலை ஆட்டோவில் ஆறு மூட்டை ஏறியது. மீதி அடுத்த நடைக்கு. பால்கனியிலிருந்து சுபஸ்ரீ நொண்டிக்கொண்டே வந்து கத்தினாள். “ஏங்க, வேற யாருக்கு வேணா குடுங்க! அந்த அடைக்கலத்துக்கிட்ட மட்டும் போகாதீங்க!”

“நல்ல மனுஷன்தான் சுபா, எடையில எல்லாம் ஏமாத்த மாட்டான்,” என்று கையசைத்துவிட்டுப் புறப்பட்டார்.

பாலக்கரையில் ஆறு மூட்டைகளைப் பார்த்ததும் அடைக்கலம் வாயைப் பிளந்தார்.

“என்ன சார் இது?”

“எல்லாம் என் புஸ்தகம். பணம் ஒண்ணும் வேணாம். நீ ஒரே ஒரு உதவி செய். மாசா மாசம் உனக்குக் கொண்டாந்து போடறாரே, அந்த மனுஷர்கிட்ட இதைச் சேர்த்துடு. வீட்டுல இடமில்லாமதான் விக்கறாரோ என்னமோ. இருந்தாலும் பரவாயில்ல. அவரை மாதிரி ஒருத்தர் கையில இருந்தாத்தான் என் மனசு ஆறும்.”

அடைக்கலம் ஒரு மூட்டையை அவிழ்த்தார். மேலே இருந்ததை எடுத்தார். முதல் பக்கம் கிழிந்திருந்தது. அடுத்ததையும் பிரித்துப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

“வேணாம் சார். வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க.”

“ஏன்? அவரு வாங்க மாட்டாரா?”

“சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க.”

“அடைக்கலம், நாலு வருஷமா பஸ்ஸுல அவரைத் தேடறேன்ப்பா. இந்த ஊருல எனக்குன்னு இருக்கற ஒரே சிநேகிதர். பேரையாவது சொல்லு.”

அடைக்கலத்துக்கு மனம் இளகிவிட்டது. புத்தகத்தை மூட்டையிலேயே திருப்பி வைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

“இதை நான் அவங்ககிட்ட குடுத்தா என்னை அடிக்கவே வருவாங்க சார், மாசா மாசம் கட்டைப்பையில பத்துப் பத்தா கொண்டாந்து, மொதப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, ‘ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுக்காரர் வருவாரு, அவர் கண்ணுல படற மாதிரி முன்னால அடுக்கி வைங்க, சந்தோசமா வாங்கிட்டு வருவாரு’ன்னு சொல்லிட்டுப் போறதே உங்க வீட்டம்மாதானே!”